சுமைகூலி முக்கால் பணம்

முதல் நாள்: கடையம் – திசையன்விளை

சித்தப்பா தம் மாருதி 800-ஐ எனக்குத் தருவதாகச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "சும்மாதான் நிற்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ" என்றார். சும்மா என்ற சொல்லின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சும்மா வந்த கோழிக்குஞ்சுக்குக் கூடை வாங்கி, வலை வாங்கி, கடைசியில் முட்டை ஒன்று முப்பது ரூபாய்க்கு விழுந்த அனுபவம் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைத்தான் நினைவூட்டினார். காலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக் கட்டி வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

கீழக்கடையத்தில் பாசஞ்சர் ஏறி நெல்லை. சந்திப்பிலிருந்து வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காரைக் கொண்டுவரப் போகிற பயணத்தில் இதுவரை செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை என்ற பெருமையோடு திசையன்விளை பஸ்ஸில் உட்கார்ந்தேன். முனைஞ்சிப்பட்டி தாண்டி இட்டமொழி நெருங்கும்போது மண் சிவக்கத் தொடங்குகிறது. நெல்லும் வாழையுமாக இருக்கிற எங்கள் பக்கத்துக் கண்ணுக்கு இந்தத் தேரி மண்ணும் பனையும் வேறு ஒரு தேசம்.

கார் ஓலைச் சாய்ப்பின் கீழ் நின்றது. 1998-இல் வாங்கிய வெள்ளை வண்டி. சித்தப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த பிறகு ஓட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அதே இடம். உவரிக் கடல் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் உப்புக் காற்று நான்கு கதவுகளின் அடி விளிம்பையும் கறுப்பட்டிப் பாகுபோல அரித்திருந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். குந்தி உட்கார்ந்து புடவைத் தலைப்பால் துடைத்தேன்: 2315. 2015-ஆம் ஆண்டு இருபத்து மூன்றாவது வாரம். ரப்பரில் விரல் நுனி நுழையும் அளவுக்கு வெடிப்பு. முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் பெட்டியைத் திறந்தால் எலி, பழைய ரேஷன் ரசீதுகளைக் கிழித்துப் பஞ்சாக்கிப் பிரசவம் பார்த்திருந்தது.

இரவு சாப்பாட்டின்போது வழிகளை ஆராய்ந்தோம். லாரியில் ஏற்றிக் கடையத்தில் இறக்க 7,500 ரூபாய் கேட்கிறார்கள். பழைய இரும்புக்கு எடுக்கிறவர் சித்தப்பாவிடம் வண்டிக்கே 18,000தான் சொல்லியிருக்கிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சித்தி சொன்னார். கணக்குக்கு அவ்வளவு இல்லைதான், வண்டி விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கயிறு கட்டி இழுக்கலாம் என்றால், இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையில் ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த இடைவெளியில் நூறு கிலோமீட்டர் பிரேக் மிதித்துக்கொண்டே வர எனக்குப் பைத்தியமா? களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிப் போகும் லாரிகள் திரும்பும்போது காலியாக வரும், ஆனால் திசையன்விளைக்கு எதற்கு வரும்? ஆக, ஓட்டிக்கொண்டு போவதுதான் மிச்சம்.

"ஓடும்" என்றார் சித்தப்பா. இந்த வண்டியில்தான் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

இரண்டாம் நாள்: திசையன்விளை

மெக்கானிக் அண்ணாச்சி எட்டரைக்கு வந்தார். சாவியைக் கேட்கவே இல்லை. மூன்று பிளக்குகளையும் கழற்றினார் (796 சி.சி., மூன்றே சிலிண்டர்). ஒவ்வொரு துளையிலும் எண்ணெய்க் குவளையால் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம். திரும்பி வந்து இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றியபோதுதான் விளங்கியது: வருடக்கணக்கில் காய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டனை எடுத்தவுடன் ஓடவிட்டால் கீறல் விழும். ஊற வைத்திருக்கிறார். சோற்றுக்கு அரிசி ஊறுவதைப்போல இதுவும் ஒரு பக்குவம்.

தொட்டியிலிருந்து வடித்த பெட்ரோல், வார்னிஷ் நிறத்தில், வார்னிஷ் வாடையிலேயே இருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்தால் அதே வார்னிஷ் உள்ளே பிசினாகப் படிந்திருக்கிறது. ஜெட் என்ற பித்தளைத் துண்டு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன் நடுவே ஊசிமுனைத் துளை. வானத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், இருட்டு. அண்ணாச்சி அதைக் கழுவிக் காற்றடித்து மறுபடி என் கையில் தந்தார். இப்போது துளைக்குள் ஒரு மிளகளவு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தின் வழியாகத்தான் வண்டி முழுக்கக் குடிக்க வேண்டும்.

பெட்ரோல் ரப்பர் குழாய்களை மாற்றியே ஆக வேண்டும் என்றார். இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டைமிங் பெல்ட்டும் அப்படியே. அது வழியில் அறுந்தால் லாரி பிடிக்க வேண்டியதுதான் என்று அவர் சொன்ன பிறகு நான் பேரம் பேசவில்லை. பழைய பேட்டரி 1,500. முன்பக்கத்துக்கு ஓரளவு நல்ல பழைய டயர் இரண்டு 1,400. பெல்ட்டும் குழாயும் 900. ஆயில், வடிகட்டி 1,300. அவருடைய கூலி 1,500. கூட்டினால் 6,600. என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் கோழிக்குஞ்சு நினைவுக்கு வந்த அமைதி. நான் சொன்னேன்: லாரியில் கொண்டுவந்தாலும் இந்தச் செலவு கடையத்தில் காத்திருக்கும், அதன் மேல் 7,500 வேறு. வாதம் சரிதான், ஆனாலும் குரல் கம்மியது.

தாள் வேலை தனி. பதிவை 2023-இல் புதுப்பித்திருந்தார்கள், 2028 வரை செல்லும். அதுவே பெரிய புண்ணியம், ஏனென்றால் இருபது வருடம் தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. காப்பீடு காலாவதி. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2,094, வரியோடு 2,471. திண்ணையில் உட்கார்ந்தே போனில் கட்டிவிட்டேன். புகைச் சான்றை அண்ணாச்சியே ஓட்டிப் போய் வாங்கி வந்தார். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-இல் இரண்டு பிரதி, படிவம் 30-இல் ஒன்று; எல்லாவற்றிலும் சித்தப்பா கையெழுத்து. இலவசமாகக் கொடுத்தாலும் பதினான்கு நாளுக்குள் கொடுத்தவர் தெரிவிக்க வேண்டும். சொந்தத்துக்குள்தானே என்று பெயர் மாற்றாமல் விட்டால், நாளை நான் எங்காவது இடித்தாலும் இழப்பீட்டு வழக்கு திசையன்விளைக் கதவைத்தான் தட்டும். சித்தப்பாவுக்கு இதெல்லாம் அலுப்பு. "உன்னிடம்தானே கொடுக்கிறேன்" என்றார். அதனால்தான் என்றேன்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வண்டி உயிர் பிடித்தது. சாய்ப்பிலிருந்த புறாக்கள் பறந்தன. அண்ணாச்சி எனக்கு ஒரு பாடம் எடுத்தார்: காலையில் குளிர்ந்திருக்கும்போது, பெட்ரோல் கூடுதலாகச் சேர இந்த சோக் குமிழை வெளியே இழு, இன்ஜின் சூடானதும் உள்ளே தள்ளு, இது பழைய கார்புரேட்டர் வண்டி, தானாக எதுவும் செய்யாது. தலையாட்டினேன். வகுப்பில் பிள்ளைகள் இப்படித் தலையாட்டினால் நான் நம்புவதில்லை.

இரவு என் தம்பி பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தான். நாளை பின்னாலேயே வருவான்.

மூன்றாம் நாள்: திசையன்விளை – களக்காடு

சித்தப்பா ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் தந்தார்: ஆர்.சி. புத்தகம், இரண்டாவது சாவி, 1998-ஆம் ஆண்டு ரசீது, ஸ்பேனர்கள். ஒரு நோட்டை மட்டும் தரவில்லை. நீள நோட்டு, வாங்கிய நாள் முதல் போட்ட ஒவ்வொரு லிட்டரும் அதில் இருக்கிறது. தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய். "மீட்டர் என்ன?" என்று கேட்டு, 63,418 என்று எழுதிக்கொண்டார். வண்டி தெரு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் சித்தி மட்டும்தான் நின்றார்.

ஐந்து லிட்டர் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பெட்ரோல் முள் வேலை செய்யவில்லை. இருக்கையின் ஸ்பிரிங் குத்தியதால் ஒரு கோரைப்பாயை இரண்டாக மடித்துப் போட்டிருந்தோம். ஹாரன், ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி. ஆனால் ஓடுகிறது! இட்டமொழி, பரப்பாடி என்று பனைகளுக்கு நடுவே நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறேன். இன்ஜின் சற்று உரக்கவே இரைந்தது. வயதான வண்டி, அப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வந்த தம்பி, பெட்ரோல் வாடை தாங்கவில்லை என்று பைக்கை முன்னால் கொண்டுபோய்விட்டான்.

பரப்பாடி தாண்டியதும் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும். வேப்பமரத்தடியில் அரை மணி நேரம். விசிறி சுற்றவில்லை, சூடு ஏறியதும் அதை ஓடவைக்கும் சுவிட்ச் செத்துவிட்டது. தம்பி பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து விசிறியில் கட்டினான், விர்ரென்று சுற்றியது. செலவு: சுழியம். வீட்டுக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன், சுழியம் என்று.

நாங்குநேரியில் நிற்க வேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு. புது வண்டிக்கு முதல் மாலை போட்டது வானமாமலைப் பெருமாள் சன்னிதியில்தான். நடை சாத்துவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். இங்கே மூலவருக்கு நாள்தோறும் தைலக்காப்பு. அப்படிச் சாத்திய எண்ணெயெல்லாம் பிராகாரத்தில் ஒரு கிணற்றில் சேர்கிறது. தோல் நோய்க்கு மருந்து என்று வாங்கிப் போகிறார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தால் மழைநீரும் எண்ணெயும் சேர்ந்த கனத்த பச்சை மணம். "அக்கா, இதில் ஒரு லிட்டர் இன்ஜினில் விட்டால் என்ன?" என்றான் தம்பி. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், அண்ணாச்சிதான் கோபித்துக்கொள்வார்.

நான்குவழிச் சாலையில் ஏறவே இல்லை. குறுக்கே கடந்து களக்காட்டுச் சாலை. இந்த வண்டியில் ஃபாஸ்டேக் கிடையாது, சுங்கச்சாவடியில் அதற்குத் தண்டம் வேறு. மேற்கே மலை எழுந்து வர வர, மண் கறுத்து, இரண்டு பக்கமும் வாழை. மாலை நான்கு மணிக்கு அத்தை வீடு. முன்விளக்கு வெளிச்சம் அகல்விளக்கு அளவுதான், இருட்டில் ஓட்ட முடியாது. இங்கேயே இரவு.

சித்தப்பா போன் செய்தார். வண்டி சௌக்கியமா என்று கேட்கவில்லை. மீட்டர் என்ன என்று கேட்டார்.

நான்காம் நாள்: களக்காடு – கடையம்

காலையில் சாவியைத் திருப்பினால் டிக் என்ற ஓசைகூட இல்லை. நேற்றைய சுழியத்தின் விலை இது. பேட்டரியில் நேராகக் கட்டிய விசிறியை யாரும் கழற்றவில்லை. அது பேட்டரி சாகும்வரை இரவெல்லாம் சுற்றியிருக்கிறது. தெருமுனை அம்மன் கோவில் நவராத்திரி ஒலிபெருக்கியில் எங்கள் காதுக்கு எட்டவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், அத்தை இருவரையும் பார்த்தார்.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த நான்கு பேர் தோளில் சுமந்த துண்டோடு வந்து கை கொடுத்தார்கள். ஏத்தன் தார் தூக்கும் தோளுக்கு மாருதி ஒரு பொருட்டா? இரண்டாவது கியரில் போட்டு, சோக்கை இழுத்து, கிளட்சை மிதித்துக்கொண்டேன். இருபது அடி தள்ளியதும் கிளட்சை விட்டேன். ஒரு குலுங்கு குலுங்கிப் பிடித்துக்கொண்டது. நால்வருக்கும் டீ, வடை: 100 ரூபாய். இனி வீடு போகும்வரை இன்ஜினை அணைப்பதில்லை என்று முடிவு. மூன்று லிட்டர் போட்டேன்; அப்போது மட்டும் அணைத்தாக வேண்டியிருந்தது, பங்க் பையன்கள் தள்ளிவிட்டார்கள்.

சேரன்மகாதேவிக்கு வந்து தாமிரபரணிக் கரையோரச் சாலையில் மேற்கே திரும்பியதும் என் ஊர்க் காற்று. புரட்டாசி, அறுப்பு நடக்கிறது. சாலையோர டீக்கடையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தம்பி எனக்கு டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினான். பெஞ்சியிலிருந்த பெரியவர் என்னிடம், "கடையம் பக்கமா? கார் எப்படி இந்த வருடம்?" என்றார்.

"சூடுதான் ஐயா அதிகமாகிறது. விசிறி மாற்ற வேண்டும்" என்றேன்.

அவர் விழித்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனி ஆடியில் நட்டுப் புரட்டாசியில் அறுப்பது கார், ஐப்பசியில் தொடங்கி மாசி பங்குனிக்கு வருவது பிசானம். இந்தச் சீமையில் கார் என்றால் முதலில் நெல், அப்புறம்தான் மற்றதெல்லாம். நான்கு நாள் இந்த வண்டியோடு பழகியதில் நான் ஊரை மறந்திருக்கிறேன். கடையே சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டு, தம் காரில் கருக்காய், அதாவது பதர், அதிகம் என்றார்.

காருகுறிச்சியைக் கடக்கும்போது ஒரு மாடு குறுக்கே நின்றது. அருணாசலம் நாகசுரம் வாசித்த ஊரில் இந்த ஆட்டுக்குட்டி ஹாரனை அடிக்க மனம் வரவில்லை. மாடு தானாகப் போகும்வரை காத்திருந்தேன். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க ஆசைதான், இன்ஜினை அணைக்க முடியாதே என்று விட்டுவிட்டேன். ஆற்றுப் பாலம் தாண்டி அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி. எதிரே பொதிகை முழுவதும் தெரிகிறது. வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டபோது, பொட்டல்புதூர் தர்காவைத் தாண்டிய திருப்பத்தில் வண்டி இரண்டு தரம் இருமி நின்றது.

பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, சூடும் இல்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. எட்டு லிட்டர்! தம்பி வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினான். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. வீடு நான்கு கிலோமீட்டர். அவன் பைக்கின் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து ஊற்றினான். தர்காவுக்கு வந்திருந்த குடும்பம் ஒன்று, குழந்தைகளோடு சேர்ந்து தள்ளியது.

இரண்டரை மணிக்கு வீடு. வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்தார். டயரைக் காலால் தட்டினார். "பரவாயில்லை, அம்மாவைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு இதில் கூட்டிப் போகலாம்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே அதிகம்.

ஐந்தாம் நாள்: கடையம்

காலையில் கணக்கு எழுதினேன். பழுதும் காப்பீடும் 9,071. பெட்ரோல், டீ, வடை, அர்ச்சனை எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். லாரிக்காரருக்குப் போகாமல் நின்றது 7,500. விசிறி சுவிட்ச் இன்னும் வாங்கவில்லை. பெயர் மாற்றத்துக்குத் திங்கட்கிழமை போக வேண்டும்.

சித்தப்பா போன். மீட்டர் 63,514 என்றேன். எத்தனை லிட்டர் என்றார். எட்டு, வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது தீர்ந்துவிட்டது, கடைசியில் தம்பி ஊற்றியது ஒன்று, அது பெரும்பாலும் இன்னும் உள்ளே கிடக்கும் என்றேன். நோட்டின் தாள் புரளும் ஓசை கேட்டது.

"பதினொன்றரைதான் கொடுத்திருக்கிறது. ஐந்து பேரை ஏற்றிக் குற்றாலம் போனபோதே பதினேழு கொடுத்த வண்டி. ஒழுகுகிறதா?"

"இல்லை சித்தப்பா, பார்த்துவிட்டோம்."

"புகை கறுப்பா? இன்ஜின் நின்ற இடத்திலும் இரைந்ததா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "போனை வைக்காமல் போய், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அந்தக் குமிழைப் பார்" என்றார்.

வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். சோக் குமிழ் கட்டைவிரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.